நாலாவது சுவிட்ச்

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறோம்.

கப்பலில் போட்ட பெட்டி போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. சொக்லேட், அம்மாவின் சுவெற்றர் எல்லாம் பத்திரம். அடியில் போர்வை சுற்றி உன்னுடைய அம்பிளிபயரும் காலால் மிதிக்கும் பலகையும் இருந்தன. "வீட்டில் இடமில்லை, அப்பா போட்டுப் பாருங்கோ" என்று துண்டு எழுதி வைத்திருந்தாய். போனில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சரி.

நேரே பிளக்கில் குத்தவில்லை, பயப்படாதே. பின்னால் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று போட்டிருந்தது. இங்கே 230. ரவுனில் வோல்டைக் குறைக்கிற 300 வாட் ஸ்டெப் டவுன் ஒன்று வாங்கிவந்து, அதிலிருந்து வருகிற வோல்டை மீற்றர் வைத்து இரண்டு தரம் பார்த்த பிறகுதான் போட்டேன். 2002இல் கொழும்புக்குப் போகிற பாதை திறந்ததும் அங்கே வாங்கிய கிற்றார் இன்னும் சாமி அறையில்தான் தொங்குகிறது. பக்கத்து வீட்டுப் பொடியன் புதுக் கம்பி மாட்டித் தந்தான்.

இந்த அம்பிளிபயரை லைன் 6 ஸ்பைடர் என்று நீ சொன்ன நாளில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது மூன்று நாளாக அதோடுதான் இருக்கிறேன். நாற்பது வருடம் கண்ணாடிக் குழாய் வால்வு மாற்றிய கை இது. 75 வாட் பெட்டிக்குள் ஒரு வால்வும் இல்லை. கம்பியிலிருந்து வருவதை எண்களாக்கி, ஒரு பழைய வால்வு அம்பிளிபயர் அதை என்ன செய்திருக்குமோ அந்தக் கணக்கைப் போட்டு, திரும்பச் சத்தமாக்கித் தருகிறது. ஒரு குமிழைத் திருப்பினால் கிளீன், பிறகு கிரஞ்ச், மெற்றல் என்று அம்பிளிபயரே மாறிவிடுகிறது. கிரஞ்சில் வைத்து மெல்லத் தட்டினால் தெளிவாகக் கேட்கிறது. அதே கம்பியைப் பலமாக அடித்தால் அலையின் தலை மழுங்கிக் கரகரக்கிறது. நல்ல இ.எல். 34 வால்வுச் சோடி ஒன்று அப்படித்தான் செய்யும். பலமாக அடித்ததும் சப்ளை வோல்ட் ஒரு கணம் இறங்கி, சத்தம் மூச்சு வாங்கிக்கொண்டு எழும்புமே, அதை மட்டும் இதில் நான் இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தவன் காது உள்ளவன். இன்சேன் என்று கடைசியில் இருப்பதைப் போட்டபோது அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, "பொடியன் வந்திட்டானோ" என்று கேட்டார்.

கால் பலகைக்கு வருகிற வயர் இன்ரநெற் வயர் போலவே இருக்கிறது. அதற்கு வேண்டிய கரண்டும் அந்த ஒரே வயரில்தான் போகிறது, நல்ல வேலை. சுவிட்சுக்குக் கீழே சின்னவள் எழுதி ஒட்டிய தமிழ் எழுத்தைப் பார்த்து இரண்டு பேரும் பெருமைப்பட்டோம். ஏ-யில் "கிணறு". மிதித்துப் பார்த்தேன், போன முறை வந்தபோது எங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கத்தினாளே, அதே முழக்கம். பி-யில் "தேர்", சத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது. சி-யில் "இடி". கொம்பு மட்டும் எல்லா இடத்திலும் எழுத்தை விட்டு விலகி நிற்கிறது. கனடாவில் பிறந்த பிள்ளைக்கு இவ்வளவு தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். இப்படி எழுதிக் கொடுத்த பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து இதை எப்படி மகன் பெட்டியில் போட்டு அனுப்ப மனம் வந்தது?

நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை முடிந்து கார் ஓடும்போது நித்திரை வந்தால் ஓரமாக நிறுத்து.

இடமில்லை என்கிறாய். கதிரை ஒன்று போடுகிற இடம் போதும் இதற்கு. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றால் ஹெட்போன் குத்துகிற ஓட்டை முன்னாலேயே இருக்கிறது. அப்போது என்ன காரணம் என்று நானும் அம்மாவும் கதைத்துப் பார்த்தோம். சனிக்கிழமை வீடியோவில் சின்னவளுக்குப் பின்னால் நீலச் சுவர். உங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை. பெயின்ற் அடித்தீர்களாக்கும் என்று அம்மா சொல்கிறார். மருமகளின் குரலைக் கேட்டுத் தைப்பொங்கலோடு சரி. அவவுக்கும் வேலைக் கரைச்சல் இருக்கும். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நீ சொல்லாமல் நாங்கள் கேட்கமாட்டோம். ஆனால் வீட்டில் ஒருவருக்கொருவர் மறைத்து வைக்கக்கூடாது மகன், அது ஒருநாள்…

இதை எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டு விறாந்தையில் போய் இருந்தேன். உனக்கு இதைச் சொல்ல எனக்கு வாயில்லை.

கோயில் ஒலிபெருக்கியின் பழைய சேசிஸில் நானும் நீயும் செய்த அம்பிளிபயர் ஞாபகம் இருக்கும். 2007, உன்னுடைய ஏ.எல். சோதனை வருடம். அதன் டிரான்ஸ்போமர் எரிந்துவிட்டது, பாதை பூட்டியிருக்கிறது, சாமான் வராது என்றேன். டிரான்ஸ்போமர் எரியவில்லை. நீ ரியூசனுக்குப் போயிருந்த நேரம், ஹைவோல்ட் வயரை நான்தான் ஈயம் உருக்கிக் கழற்றி, நுனிக்கு ரேப் சுற்றி உள்ளே மடித்து வைத்தேன். வால்வு சிவப்பாக எரியும், சத்தம் வராது. நீ பியூசைப் பார்த்தாய், வால்வை மாற்றிப் பார்த்தாய், இரண்டு இரவு டோர்ச் அடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் இருந்தாய். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனேன்.

படிப்புக்காகத்தான் என்று அம்மாவுக்கும் சொன்னேன். அதுவும் பொய். ஊரடங்கு நேரத்தில் எங்கள் வீட்டில் மட்டும் கிற்றார்ச் சத்தம், பின்னேரம் என்றால் நாலு பொடியள் முற்றத்தில். அந்த நாளில் இளம் பொடியள் இருக்கிற வீடு எது என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று நான் நடுங்கினேன். பயமாக இருக்கிறது, வாசிக்காதே என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நீ பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்ட வீட்டில், ஓடுகிற ஒரு பெட்டியை நான் ஊமையாக்கினேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒன்றையும் திருத்தக் கேட்கவில்லை. நீ கொழும்புக்குப் போய் மூன்றாம் நாள் அந்த வயரைத் திரும்பப் பத்தவைத்தேன். நன்றாகப் பாடியது. போனில் எத்தனை தரம் வாய் வரை வந்தும் சொல்லவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உன்னுடையதைத் தூசி படாமல் துணி போட்டு மூடுகிறேன். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருக்கால் கரண்ட் கொடுப்பேன். எப்போது வேண்டுமென்றாலும் திருப்பி அனுப்பலாம், கூலியைப் பற்றி யோசிக்காதே. நீயே வந்து எடுத்தாலும் சரி, தனியே வந்தாலும் சரி, அறை துப்புரவாக இருக்கிறது.

அம்மா ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறார். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

பிறகு இன்னொன்று. டி சுவிட்சுக்குக் கீழே மட்டும் கடதாசி இல்லை. பசை காயாமல், நகத்தால் சுரண்டின அடையாளம் இருக்கிறது. மிதித்தால் சத்தம் நல்ல மெல்லியதாக, தெளிவாக வருகிறது. அதில் சின்னவள் என்ன எழுதியிருந்தாள்?

அன்புடன்,
அப்பா