ஊட்டியில் 780, நம் வீட்டில் 1010

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு "அது உயரத்தால் வருவது, போய்த் தூங்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன், அப்புறம் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. உன் எட்டாம் வகுப்புப் பையன் கேட்டது சரியான கேள்வி. கஜா புயலின் மையத்திலேயே காற்றழுத்தம் 976 ஹெக்டோபாஸ்கல்தான், மிஸ் போன் இங்கே 780 காட்டுகிறது, அப்படியானால் ஊட்டியில் கஜாவை விடப் பெரிய புயல் அல்லவா அடிக்க வேண்டும்? முப்பது வருஷம் அறிவியல் நடத்திய என்னிடம் ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. அந்தக் காலத்துப் போனில் அழுத்தத்தை அளக்கும் பாரமானி இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அழுத்தம் என்றால் நம் தலைக்கு மேலே நிற்கும் காற்றின் எடைதான். நீ 2,240 மீட்டர் ஏறிப் போய் உட்கார்ந்திருக்கிறாய், அவ்வளவு காற்றும் உன் காலுக்குக் கீழே போய்விட்டது, அதனால் இங்கே கடலோரத்தில் 1010 என்றால் அங்கே 780 சொச்சம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் தலையணை மாதிரி உப்பியதே, அதுவும் இதுதான். தண்ணீர் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் நீ குக்கர் இல்லாமல் வைத்த சோறு அரிசியாகவே நின்றது.

ஆனால் இந்த 230 குறைவுக்கு ஒரு இலைகூட அசைவதில்லையே, ஏன் என்று அவன் அடுத்துக் கேட்பான், தயாராக இரு. கீழே இருக்கும் கூடுதல் அழுத்தம் காற்றை மேலே தள்ளத்தான் பார்க்கிறது, காற்றின் எடை அதைக் கீழே இழுக்கிறது, இரண்டும் சரிக்குச் சரி. பக்கவாட்டில் அப்படிப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. ஒரே மட்டத்தில் இந்தப் பக்கம் கூடவும் அந்தப் பக்கம் குறைவாகவும் இருந்தால் காற்று கிளம்பிவிடும். வெவ்வேறு உயரத்தில் இருக்கும் ஊர்களை ஒப்பிடும்போது அழுத்தத்தைக் கடல் மட்டத்துக்குக் கணக்குப் போட்டு மாற்றிக்கொள்வது அதற்காகத்தான்.

கஜாவையே எடுத்துக்கொள். மையத்தில் 976, வெளியே சில நூறு கிலோமீட்டர் தள்ளி ஆயிரத்துச் சொச்சம், மொத்தமே முப்பது போலத்தான் வித்தியாசம், நூற்றுக்கு மூன்று. அந்த மூன்றில் பெரும் பங்கு மையத்தை ஒட்டிய கொஞ்ச தூரத்துக்குள் மளமளவென்று இறங்கிவிட்டது, அதுதான் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்றாக வந்தது.

2018 நவம்பர் 15 ராத்திரி நீ ஹாஸ்டலில் இருந்தாய், உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. கரண்ட் போய்விட்டது, கூடத்துச் சுவரில் இருந்த பாரமானியை டார்ச் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணாடியை விரலால் தட்டினால் ஒவ்வொரு தடவையும் முள் இன்னும் ஒரு கோடு இறங்கும். காற்று வடக்கிலிருந்து வந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டினால் அழுத்தம் குறைந்த இடம் அந்தப் பக்கம் இருக்கும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன், அன்றைக்கு இருட்டில் நானே நின்று நீட்டிப் பார்த்தேன், கை கிழக்கே கடலைக் காட்டியது. நள்ளிரவு தாண்டி திடீரென்று எல்லாம் ஓய்ந்தது. உன் அப்பா முடிந்தது என்று கதவைத் திறக்கப் போனார், நான் கத்திய கத்தில் திரும்பி வந்தார். முள் அடியில் கிடந்தது, ஏறவே இல்லை, அதாவது புயலின் கண், காற்று ஓய்ந்திருக்கும் அதன் நடுப்பகுதி, நம் தலைக்கு மேலே. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடித்தது பார், முதல் காற்றில் தெற்கே சாய்ந்து நின்ற தென்னைகளை வடக்கே முறித்துப் போட்டது. இப்போது கை மேற்கைக் காட்டியது, முள்ளும் ஏற ஆரம்பித்தது. அப்பா காலையில் விழுந்த மரங்களை எண்ணத் தொடங்கி நாற்பதோடு நிறுத்திவிட்டார்.

காற்று நேராக அழுத்தம் குறைந்த மையத்துக்குப் போய் விழாமல் ஏன் சுற்றுகிறது என்றால் பூமி சுழல்வதால், நம் வட பாதியில் ஓடும் காற்று வலப்பக்கம் ஒதுங்கும், ஒதுங்கி ஒதுங்கி மையத்தை இடமாகச் சுற்றும். நாலாபுறமும் வந்து சேர்ந்த காற்றுக்குப் போக்கிடம் மேலேதான். மேலே போனால் அழுத்தம் குறைவு, விரியும், விரிந்தால் குளிரும், அதிலிருக்கும் நீராவி துளியாகும், மழை. உயர் அழுத்தத்தில் காற்று கீழே இறங்குகிறது, இறங்கும்போது சூடாகி மேகம் கலைந்துவிடும்.

இன்னொன்று, இதைப் பல புத்தகங்களில் சொல்வதே இல்லை. நம் பக்கத்தில் புயல் மழை எதுவும் இல்லாத நாளிலும் அழுத்தம் தினம் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை பத்து மணி, இரவு பத்து மணி வாக்கில் உச்சம், நாலு மணி வாக்கில், அதிகாலையும் சாயங்காலமும், அடி. மூன்று நாலு ஹெக்டோபாஸ்கல் வரும். இது தெரியாமல், பாரமானி வாங்கிய முதல் வாரம், சாயங்காலம் முள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, களத்தில் காய்ந்த நெல்லை எல்லாம் அள்ள வைத்தேன். அன்றைக்கு ஒரு துளி விழவில்லை, உன் அப்பா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். அதனால் இன்று நாலு மணியை நேற்று நாலு மணியோடு ஒப்பிடு, காலையோடு ஒப்பிடாதே. அப்படிப் பார்த்தும் மூன்று நாலு குறைந்திருந்தால், அன்றைக்கு ரேடியோவைப் போட்டுக் கேள்.

அந்தப் பையனையே ஒரு வாரம் உன் போனைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லேன், போனை ஒரே மேஜையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், மாடிக்கு எடுத்துப் போனாலே எண் குறைந்துவிடும். நானும் இங்கே அதே பத்துக்கும் நாலுக்கும் எழுதுகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பொங்கலுக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வா, வர்க்கியையும் மறக்காதே, போன தடவை தூளாகத்தான் வந்து சேர்ந்தது.

அம்மா