ஹைட்ரண்டில் ஓடும் நீர் வீணல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்ச் மாதம் வட கரோலினாவின் கேரி, ராலே பகுதிகளில் தெருவோர ஹைட்ரண்டுகளை (தீயணைப்புக்கான நீர்க்குழாய்களை) திறந்து குடிநீரைச் சாலையில் ஓடவிடுவதைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த நீர் வீணாக ஓடவில்லை; தெருக் குழாய்களின் உட்புறத்தைக் கழுவுகிறது.

தெருவில் பதிக்கும் குழாயின் பருமனை முடிவு செய்வது வீட்டுத் தேவை அல்ல, தீ. சாதாரண வீடு ஒன்று பற்றி எரிந்தால் நிமிடத்துக்கு 1,000 கேலன், அதாவது ஏறத்தாழ 3,800 லிட்டர் வேண்டும். அதற்காகத்தான் 6 அங்குல, 8 அங்குலக் குழாய்கள். முட்டுச்சந்தில் 30 வீடுகள், வீட்டுக்கு நாளொன்றுக்கு 1,100 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 6 அங்குலக் குழாயில் தண்ணீர் நொடிக்கு 2 சென்டிமீட்டர்தான் நகரும். எறும்பு ஊர்வது போல. துருவும் மாங்கனீசும் அடியில் படிந்துவிடும். கிருமிநாசினியும் வழியிலேயே வலுவிழக்கும்.

மார்ச்சுக்கும் காரணம் உண்டு. ஆண்டின் மற்ற மாதங்களில் இங்கே கிருமிநாசினி குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கலவை. அதிலிருந்து பிரியும் அம்மோனியாவைத் தின்று குழாய்ச் சுவரில் பாக்டீரியாப் படலம் வளரும். அந்தத் தீனியை நிறுத்தத்தான் சில வாரம் வெறும் குளோரினுக்கு மாறுகிறார்கள். பழைய நீரை வெளியே இழுத்தால்தான் புதியது கடைக்கோடி வரை போய்ச் சேரும்.

படிந்த வண்டலைக் கிளப்ப நொடிக்கு 5 அடி வேகம் தேவை. 6 அங்குலக் குழாயில் அது நிமிடத்துக்குச் சுமார் 1,650 லிட்டர். வீட்டுக் குழாய்கள் எத்தனை திறந்தாலும் வராது. 200 மீட்டர் நீளக் குழாயில் உள்ள நீரை மூன்று முறை மாற்ற ஏழு நிமிடம், 11,000 லிட்டர் போதும். ஆனால் கண்ட ஹைட்ரண்டையும் திறந்தால் நீர் இரு பக்கமிருந்தும் வந்து வேகம் பாதியாகும்; அழுக்கு கலங்குமே தவிர வெளியேறாது. வால்வுகளை மூடி, ஒரே திசையில், சுத்தமான பெரிய குழாயிலிருந்து சிறியதை நோக்கிப் போக வேண்டும்.

6 அங்குல வால்வு மூட ஏறத்தாழ 20 சுற்று. 14-இலேயே நின்றால் அடியில் வண்டல் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்: இரண்டு மூன்று சுற்று திறந்து, நீரை ஓடவிட்டு, மறுபடி மூட வேண்டும். முடிந்ததும் அதே எண்ணிக்கையில் திறக்க மறந்தால், அடுத்த தீ விபத்தில் அந்தத் தெருவே தண்ணீருக்குத் தவிக்கும். ஹைட்ரண்டைச் சட்டென்று மூடினாலோ அழுத்த அதிர்ச்சியில் பழைய குழாய் உடையும். குளோரினை முறிக்காமல் ஓடைக்கு விட்டால் மீன்கள் சாகும். கண்டிக்க வேண்டுமென்றால் இவற்றைக் கண்டியுங்கள்.

குழாய் கழுவும் நாளில் வீட்டில் பழுப்பு நீர் வந்தால் சுடுநீர்க் குழாயைத் தொடாதீர்கள். வண்டல் ஹீட்டர் தொட்டிக்குள் போய்த் தங்கிவிடும். குளியல் தொட்டியின் குளிர்நீரைத் தெளியும்வரை ஓடவிடுங்கள். வெள்ளைத் துணியில் கறை பட்டால் குளோரின் பிளீச் ஊற்றவே கூடாது, இரும்புக் கறை நிரந்தரமாகிவிடும். டிரையரில் போடாமல் ஈரத்தோடு இருக்கும்போதே துருக்கறை நீக்கியில் அலசுங்கள்.

இப்படிக்கு,
குடிநீர் விநியோகப் பணியில் உள்ள வாசகர்,
வட கரோலினா