மாத்திரையை நிறுத்தச் சொல்லி மேடையில் பேசாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் சபைகள் நடத்தும் கன்வென்ஷன் கூட்டம் என்றால் கடைசி நாள் சுகமளிக்கும் ஜெபம் இருக்கும். வியாதியஸ்தருக்காக ஜெபிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலமெல்லாம், கத்தியைக் கையில் எடுக்கும் முன் டாக்டரே கண்ணை மூடி ஜெபிப்பதைப் பார்த்தவள் நான். ஆனால் சமீபத்தில் ஒரு கூட்டத்துக்குப் பிரசங்கிக்க வந்த தேவ ஊழியர், பயத்துக்கும் மனக்கலக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றோடு அதை விட்டுவிட வேண்டும், அதுதான் விசுவாசம் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் தெருவில் ஒரு கைக்குழந்தைக்காரி அதைக் கேட்டு, மீதி மாத்திரையை அட்டையோடு குப்பையில் போட்டுவிட்டாள். சில நாளிலேயே தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை. தலையைத் திருப்பினால் உள்ளே சுரீர் சுரீரென்று கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பிள்ளை அழுதால் எரிந்து விழுந்தாள். வீட்டார் பயந்துபோய் ஜெபவீட்டுக்குக் கூட்டிப் போக, அங்கே சாத்தானின் போராட்டம் என்று சொல்லி, பால் கொடுக்கிற பெண்ணை உபவாசம் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். தன் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் இப்படி என்று அவள் என்னிடம் சொல்லி அழுதபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

சாத்தானும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் பலருக்கு இப்படித்தான் ஆகும். டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். பதற்றத்தைச் சீக்கிரம் தணிக்கிற அல்பிரசோலாம், குளோனாசெபாம் வகையில் இன்னும் கவனம் வேண்டும். நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். பழக்கமாகிவிடுமே என்ற பயம் இந்த இரண்டாவது வகைக்குப் பொருந்தும். அதனால்தான் அவற்றைப் பெரும்பாலும் கொஞ்ச காலத்துக்கு மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ‘தூக்க மாத்திரை’ என்று பேசுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. தெரியாதவர்கள் மேடையில் அதைப் பற்றிப் பேசக்கூடாது.

நானும் முதலில் சொன்ன வகை மாத்திரை சாப்பிடுகிறவள்தான். என் கணவர் காலமான பிறகு, ஆலயத்தில் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வாங்கப் பீடத்தண்டை முழங்கால் போட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல்கள் மரத்துப்போகும், பாத்திரம் என் முறைக்கு வருவதற்குள் எழுந்து ஓடிவிடலாமா என்றிருக்கும். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. மனநல மருத்துவர்தான் இது பேனிக் அட்டாக் என்று கண்டுபிடித்தார். வீட்டுக்கு வந்து ஜெபித்தேன், மாத்திரையும் போட்டேன். பலன் தெரிய சில வாரம் ஆகும், முதலில் வயிற்றைப் புரட்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார், அப்படியே இருந்தது. அப்புறம் பிரசங்கத்தைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்க முடிந்தது. வேதம் வாசித்தால் வாசித்தது மனதில் நின்றது.

ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள் என்ற பிலிப்பியர் வசனத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். அதை எழுதிய பவுல்தான், எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று கொரிந்தியருக்கு மறைக்காமல் எழுதினார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவரும் அவரே. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுள் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி ராஜாவின் பிளவைக் கட்டிக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினியை இறங்க வைத்த தீர்க்கதரிசி, போதும் ஆண்டவரே என்று சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்துக்கொண்டார். தூதன் வந்து அவர் விசுவாசத்தைச் சோதிக்கவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். நர்ஸாக இருந்தவள் என்பதாலோ என்னவோ, வேதத்தில் அந்த அதிகாரம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

எங்கள் மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838ல் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், பிறகு அங்கேயே வந்து பல வருஷம் ஆபரேஷன் செய்தார். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள். சபைகள் கட்டி வளர்த்த ஆஸ்பத்திரிகள் இவை. இங்கே கொடுக்கிற மாத்திரையை இன்னொரு சபை மேடை அவிசுவாசம் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பேராயங்களும் மற்ற சபைத் தலைவர்களும் ஒன்று செய்யலாம். சுகத்துக்காக ஜெபித்து முடித்ததும், யாரும் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று கண்டிப்பாக அறிவிக்கும்படி ஆயர்களுக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள். ஜெபக்குறிப்பில் சுகர், பிரஷர், கான்சர் எல்லாம் எழுதுகிறோம். பயத்தையும் பதற்றத்தையும் எழுத இடம் கொடுங்கள். அரசு தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்த மாத்திரைகள் இலவசம். 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பெண்ணை நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன்; மருந்து மறுபடி ஆரம்பித்து இப்போது தேறி வருகிறாள். கூட்டம் நடத்திய கமிட்டிக்கும் இந்த விவரத்தைக் கடிதமாகக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கன்வென்ஷன் நோட்டீசில், தேதிக்கும் பேச்சாளர் பெயருக்கும் கீழே, மருந்தை நிறுத்த வேண்டாம் என்று ஒரு வரி அச்சிடக் கேட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ்,
தக்கலை.