தாவச் சொல்லி எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பில் வந்த படகுப் பயணக் கட்டுரையில், "மரினாவை (படகுத்துறையை) நெருங்கியதும் ஒருவர் கயிற்றோடு துறையில் தாவி, முன்பக்கத்தைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது" என்று அச்சாகியிருக்கிறது. இந்த வரியை எப்படி விட்டீர்கள் என்று மனம் ஆறவில்லை.

பத்து மீட்டர் படகு பல டன் எடை இருக்கும். தாவுகிறவர் வழுக்கினால் படகுக்கும் துறைக்கும் நடுவில்தான் விழுவார். விழாமல் தப்பினாலும், முன்கயிறு முதலில் இறுகினால் படகின் மூக்கு துறையில் இடிக்கும், பின்பக்கம் வெளியே விலகும். அதன்பின் நீரோட்டம் வைத்ததே சட்டம்.

பேராக்கின் லுமுட் கழிமுகத்தில் தண்ணீர் எப்படி இழுக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இழுப்பு இன்னும் கடுமை. அதனால் நீரோட்டத்தை எதிர்த்தே துறையை அணுக வேண்டும். உள்ளே நுழையும் முன்பே அணையும் பக்கத்தில் இடி தாங்கும் மெத்தையான ஃபெண்டர் மூன்றாவது துறையின் உயரத்துக்குத் தொங்க வேண்டும். கயிறுகளைப் படகோரத் தடுப்புக் கம்பிக்கு வெளியே எடுத்து வைக்க வேண்டும். உள்ளே மாட்டிய கயிறு கடைசி நொடியில் கைகொடுக்காது. முதலில் கட்ட வேண்டியது நடுக்கயிறு. படகின் நடுவிலிருந்து பின்னோக்கிப் போய்த் துறையில் கயிறு கட்டும் கொம்பில் அது விழுந்ததும், எஞ்சினை மெதுவாக முன்னுக்குப் போட்டு, ஸ்டியரிங்கைத் துறைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் படகு தானாகத் துறையோடு ஒட்டி நிற்கும். பிறகு முன்கயிறு, பின்கயிறு எல்லாம் நிதானமாகக் கட்டலாம். யாரும் தாவ வேண்டாம், அடி எடுத்து வைத்து இறங்கினால் போதும். இடிக்கப் போகும் படகைக் கையாலோ காலாலோ தள்ளவும் கூடாது. முன்னோக்கிப் போகையில் வலமாகச் சுழலும் புரொப்பெல்லர் ரிவர்ஸில் பின்பக்கத்தை இடப்புறம் இழுக்கும் என்பதால், இடப்பக்கம் அணைவது சுலபம். இதையெல்லாம் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறேன்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று லுமுட், பங்கோர் பக்கம் படகு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் தமிழில் படிப்பது தங்கள் இதழைத்தான். ஆனால் கடல் என்றாலே நம் பத்திரிகைகளுக்குச் சுற்றுலாப் படமும் மீன் விலையும்தான். நிலையான ஜெட்டியில் குட்டையாகக் கட்டிய கயிறு, நீர் வற்றும்போது படகைத் தொங்கவிட்டுக் கொம்பைப் பிடுங்கும் என்று ஒருநாள் எழுதியதுண்டா? விடியலுக்கு முன் சுமத்ரா பக்கமிருந்து திடீரென வீசும் சுமத்ரா காற்றைப் பற்றி? தினம் ராசிபலனுக்கு இடமிருக்கிறது. கடல்நீர் ஏற்ற வற்ற நேரம் கேட்டு இதற்கு முன்பும் எழுதினேன், பதில் வரவில்லை.

தேசிய ஹைட்ரோகிராஃபி மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையிலிருந்து லுமுட்டின் நேரங்களை வாரம் ஒருமுறை ஒரு மூலையில் போடுங்கள். தாவச் சொன்ன அந்த வரிக்கும் இரண்டு வரியில் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஆயர் தாவார், பேராக்.