பியர் நுரை சீனியில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் வீட்டிலேயே பியர் காய்ச்சுவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆர்வமாகத்தான் வாசித்தேன். "நுரை நிற்கவில்லையா, பியர் தண்ணியாக இருக்கிறதா, போத்தலில் அடைக்கும்போது இன்னும் இரண்டு கரண்டி சீனி போடுங்கள்" என்ற இடத்துக்கு வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அந்தச் சீனியால் நுரை நிற்காது. போத்தல் வெடிக்கும்.

நான் ஜேர்மனியில், கொலோன் நகரத்தில், தன் பியரைத் தானே காய்ச்சி விற்கும் ஒரு மதுச்சாலையில் நெடுங்காலம் வேலை செய்தவன். முதலில் கிளாஸ் கழுவினேன், பிறகு கீழே காய்ச்சும் இடத்துக்கு எடுத்தார்கள். இப்போது ஒட்டுசுட்டானில் தோட்டமும் நானும். இங்கே இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சினால் மதுவரிச் சட்டப்படி குற்றம். ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் அடுப்பு மூட்ட வேண்டாம். ஜேர்மனியில் சுங்கத்துக்கு அறிவித்துவிட்டு, சொந்தத் தேவைக்கு ஆண்டுக்கு 500 லீற்றர் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். 2024க்கு முன் அது 200 லீற்றராக இருந்தது. உங்கள் பேப்பரை இணையத்தில் வாசிக்கிற, அங்கே இருக்கிற நம் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கடிதம்.

நுரையை எழுப்புவது காபனீரொட்சைட்டு வாயு. அதைக் கலையாமல் பிடித்து வைப்பது பார்லி மோல்ட்டில், அதாவது முளைக்கவிட்டு உலர்த்திய பார்லியில், இருந்து வரும் புரதம். ஹொப்ஸ் என்பது பியரில் கசப்புக்குப் போடுகிற ஒரு பூ; அதன் கசப்பு அந்தப் புரதத்தோடு சேர்ந்துதான் நுரையை இறுக்குகிறது. நல்ல பியரைக் குடிக்கக் குடிக்க, கிளாஸின் உட்பக்கத்தில் ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையமாக நுரை ஒட்டி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அது இந்த இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை. நம் வீடுகளில் செய்கிற இஞ்சிப் பியரைத் திறந்து பாருங்கள். வாயு நிறைய இருக்கும், புஸ்ஸென்று பொங்கும், கையை எடுப்பதற்குள் அடங்கிவிடும். இஞ்சியிலும் சீனியிலும் நுரையைப் பிடித்து வைக்கிற புரதம் எங்கே இருக்கிறது?

கனமும் அப்படித்தான். சீனியை மதுவம், அதாவது நொதிக்கச் செய்கிற ஈஸ்ட், முழுதாகத் தின்றுவிடும். மிஞ்சுவது மதுசாரமும் வாயுவும்தான், வாய்க்கு ஒன்றும் மிஞ்சாது. சீனி கூடக்கூடப் பியர் மெலியும், மதுசாரம் ஏறும், நுரையும் சீக்கிரம் விழும். கனம் வருவது மதுவத்தால் தின்ன முடியாத மாச்சத்துத் துண்டுகளால். அது மோல்ட்டை வெந்நீரில் ஊறவைக்கிற அந்த ஒரு மணி நேரத்திலேயே தீர்மானமாகிவிடும். 62, 63 பாகை செல்சியஸில் ஊறவைத்தால் மாச்சத்து பெரும்பாலும் சீனியாக உடைந்து பியர் உலர்வாக, மெல்லியதாக வரும். 68ஐ ஒட்டி வைத்தால் தின்ன முடியாத துண்டுகள் கூடி வாய் நிறையும். இந்த ஐந்தாறு பாகைக்காகத்தான் எங்கள் இடத்தில் வெப்பமானியைப் பார்த்தபடி ஒரு ஆள் நிற்பார். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் ஹொப்ஸை இணையத்தில் தேடித்தேடி வாங்குவார்கள், வெப்பமானி மட்டும் ஏதோ பழசாக இருக்கும்.

பழைய புத்தகங்களைப் பார்த்து, முதலில் 50 பாகையில் அரை மணி நேரம் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இப்போது கடையில் கிடைக்கிற மோல்ட்டுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. நுரைக்கு வேண்டிய புரதத்தைத்தான் அது வெட்டிப்போடும். அதை விட்டுவிட்டு மோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைக் கோதுமை மோல்ட்டாக மாற்றிப் பாருங்கள், நுரையில் வித்தியாசம் தெரியும். ஓட்ஸ் கனம் தரும், ஆனால் அதில் எண்ணெய் உண்டு, அளவோடு போட வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் சிவப்பரிசி போட்டுப் பார்க்கட்டா மாமா என்று கேட்டான். வன்னி அரிசி சோற்றுக்கு நல்லது தம்பி, பியரில் போட்டால் மதுசாரம்தான் வரும், கனம் வராது என்றேன். போட்டானா இல்லையா என்று பிறகு அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்று. நுரைக்கான பொருள் ஒருமுறைதான் முழுதாக வேலை செய்யும். நொதிக்கும்போது பொங்கி வழியவிட்டாலோ, பாத்திரம் மாற்றும்போது கலக்கி அடித்தாலோ கிளாஸுக்கு வருவது குறைந்துவிடும். கடும் வெக்கையில் நொதித்தாலும் நுரை கெடும். போத்தலின் அடியில் மதுவம் கிடக்கிற பியரை மாதக் கணக்கில் வெக்கையில் வைத்தால், சாகிற மதுவத்தில் இருந்து வெளிவருகிற நொதியம் அந்தப் புரதத்தைத் தின்னும். ஊருக்கு வரும்போது சூட்கேசில் வைத்துக் கொண்டுவந்து, இங்கே சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் வைத்துவிட்டு, அங்கே நல்லாத்தான் இருந்தது என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

இங்கே கடையில் வாங்கிக் குடிக்கிறவர்களும் நுரை இல்லை என்று கம்பனியைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். பொரித்த மீனைத் தின்ற கையோடும் வாயோடும், கறி ஊற்றிச் சாப்பிட்ட சில்வர் பேணியில் ஊற்றினால் எந்த நாட்டுப் பியரும் செத்துத்தான் போகும். எண்ணெய் நுரைக்கு எமன். சரியாக அலசாத சவர்க்காரமும் அதேதான். கிளாஸ் சுத்தமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உட்பக்கத்தை நனைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, கொஞ்சம் தூள் உப்பைத் தூவுங்கள். எல்லா இடமும் ஒரே சீராக ஒட்டினால் சுத்தம். திட்டுத் திட்டாக விட்டுப்போன இடத்தில் எண்ணெய் இருக்கிறது. பியரை ஊற்றிய பிறகும் பார்க்கலாம்: குமிழிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த இடம் அழுக்கு.

எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கிளாஸில் வெள்ளைப் படிவு விடும். அதற்குப் பாதித் தேசிக்காயால் தேய்த்து, பல தடவை அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். ஊற்றுவதற்கு முன் உள்ளே ஒரு தடவை குளிர்ந்த நீர் காட்டுங்கள். கொலோனில் தண்ணீர் காட்டாத கிளாஸை நீட்டினால் பீப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் திருப்பித் தந்துவிடுவார். எனக்குத் தந்திருக்கிறார், சொல்லோடு சேர்த்து.

கடைசியாகப் போத்தல் கணக்கு. நொதித்து முடிந்த பியருக்கு வாயு ஏற்ற லீற்றருக்கு 6, 7 கிராம் சீனி போதும். நம் ஊர் பெரிய பியர் போத்தல் 625 மில்லிலீற்றர்; அதற்கு 4 கிராம், ஒரு தேக்கரண்டி அளவு. அதற்கு மேல் இன்னும் இரண்டு கரண்டி என்றால் மூன்று மடங்கு. நொதித்து முடியாத பியராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கண்ணாடித் துண்டு எங்கே பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த ஞாயிறு அந்த வரியை மட்டுமாவது திருத்திப் போடுங்கள், ஐயா. அப்படியே இஞ்சிப் பியர் செய்கிறவர்களுக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: கண்ணாடிப் போத்தல் வேண்டாம், சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலில் அடைக்கட்டும், தினமும் விரலால் அழுத்திப் பார்க்கட்டும், அமுங்காமல் இறுகியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கட்டும்.

இப்படிக்கு,
கொலோனில் கிளாஸ் கழுவிய வாசகர்,
ஒட்டுசுட்டான்.