ரதிதேவிக்குத் தூதன் எழுதுவது

பொகவந்தலாவை,
ஜூன் 14

அன்புள்ள ரதிதேவிக்கு,

காமன் கூத்தில் ரதி வேடம் கட்டினாயே, மீசை நரைத்த பின்னும் உனக்கு இதுதான் பெயர், கோபித்துப் பயனில்லை. தைப்பொங்கலுக்கு வந்த உன் கடிதமும் சித்திரைக்கு வந்ததும் சாமி படத்துக்குப் பின்னால் செருகியபடியே இருக்கின்றன. மே மாதம் வரை பதில் போடாததற்குக் காரணம் வெறும் சோம்பல். அதற்குப் பிறகு போடாததற்குக் காரணம் வேறு.

வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவள் இன்னும் கொழும்பில்தான். சொட்டை வாத்தியாருக்குக் கண் அறுவை முடிந்தது. இப்போது ஊரார் செய்யும் பிழையெல்லாம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறதாம். மழை பிடித்துவிட்டது. ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் நின்று பேசினால் எதிரில் நிற்பவருக்குக் காது கேட்காது, அவ்வளவு தண்ணீர்.

ஜனவரியில் அதே பீலி நூலாக இளைத்துவிடும் என்பது உனக்குத் தெரியும். ஏப்ரல் வரை லயத்து வீடுகளுக்குக் கதி அந்தக் குழாய்க் கிணறுதான். 60 மீற்றர் ஆழம், 48 மீற்றரில் பம்ப் தொங்குகிறது. மழை வந்ததும் அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வருடம் நம் இளவட்டங்கள் பம்பைக் கேபிளைப் பிடித்தே தேர் வடம் போல இழுத்து மேலே கொண்டுவந்தார்கள். கோயில் மடைப்பள்ளிக்குப் பின்னால் உரச் சாக்கின் மேல் கிடத்தினார்கள். மார்கழியில் போய்ப் பார்த்தால், உள்ளே இருந்த சேறு அப்படியே காய்ந்து தண்டு அசைய மறுத்தது. கேபிள் நுனியை எலி கடித்திருந்தது. செம்பு இழைகளின் வழியே ஈரம் ஏறி மோட்டர் வரை போயிருந்தது. கசிவு பார்க்கும் மெகர் வைத்தால் முள் பூச்சியத்தை விட்டு எழவில்லை. காயில் கட்டித் தர ஹட்டனில் வாங்கிய கூலியை எழுதினால், கோயம்புத்தூரில் முப்பது வருடம் காயில் கட்டிய நீ நாளைக்கே இங்கே கடை போட வந்துவிடுவாய்.

வா. 1979இல் இராமானுஜம் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போனவன்தானே நீ. 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் புதுக் கப்பல் விட்டார்கள். அதில் வந்து மிச்சத்தை எடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில், கரண்ட் கசிந்தால் தானே விழும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழத் தொடங்கியது. "சனியனைக் கழற்றி எறியுங்கள், தண்ணீராவது ஒழுங்காக வரும்" என்று தண்ணீர்ச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் முழங்கினார். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை; பத்தாம் வகுப்பிலும் அவர் இப்படித்தான் முழங்கினார். நல்ல வேளையாகக் கழற்றவில்லை. கேபிள் மூட்டில் எங்கோ கசிகிறது என்றான் தவில்காரரின் பேரன். மின்வேலை படித்தவன், கெட்டிக்காரன். மழையும் வந்துவிட்டதால் பம்பை நிறுத்தி, மேலே எடுத்து, மூட்டைப் பார்ப்பது என்று முடிவு.

மே மூன்றாம் ஞாயிறு அவன், வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களத்துக் கொட்டிலில் சுவிட்சை இறக்கிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டான். கொட்டிலில் நின்றால் கிணறு தெரியாது. நடுவில் தேயிலை மேடு. நான் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, அரிசி பாதி கழுவியபடி இருக்கிறது என்று உன் தங்கச்சி சத்தம் போட்டாள். குடையை எடுத்துக்கொண்டு போனேன். சுவிட்ச் கீழே இருந்தது. வழக்கம்போல விழுந்துவிட்டது என்று நினைத்து மேலே தள்ளினேன்.

'டக்' என்று உடனே விழுந்தது. மறுபடி தள்ளுவதற்குக் கையை வைத்துவிட்டேன். அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

ஓடிப் போனேன். சேற்றில் உட்கார்ந்து வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. "மாமா, கரண்ட் வந்துவிட்டது" என்றான், விருந்தாளி வந்ததைச் சொல்வது போல. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் அந்தச் சனியன்தான் அவனைக் காப்பாற்றியது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு ராத்திரி வைத்திருந்து அழைத்து வந்தோம்.

சுவிட்சைப் போட்டது யார் என்று எல்லோரும் கேட்டார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் குடையை மடக்கிக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்கிறாள் வீட்டில். சுவிட்சை இறக்கி, பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டு, பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொள்கிறேன். 'கிணற்றில் ஆள்' என்று ஒரு பலகையும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். கம்பியைத் தொடுமுன் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஒருவரையும் விடுவதில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கப்பாசிட்டர் இருக்கிறதே, கரண்டை நிறுத்திய பிறகும் அது உள்ளே வைத்திருந்து உதைக்கும். ஐந்து நிமிடம் பொறுத்து மூடியைத் திறந்து, ஒரு பல்பைத் தொடவைத்து இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைக்கிறோம். "அந்தப் பியூஸுக்கு ஒரு தாலியும் கட்டிவிடுங்கள்" என்கிறாள்.

இந்தத் தடவை மூன்று கம்பு நட்டுச் சங்கிலிக் கப்பி மாட்டி, எஃகு வடத்தில் தூக்கினோம். கேபிளில் பாரம் விழவேயில்லை. பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, பம்பை முழுக்க முக்கி நிறுத்தி, கலங்கல் தெளியும் வரை ஓடவிட்டுக் கழுவினோம். பிறகு பம்பில் நின்ற தண்ணீரை வடித்தோம். மோட்டருக்குள் இருப்பது அதன் சொந்தத் தண்ணீர், அந்தத் திருகைத் தொடாதே என்று நீ முன்பு எழுதியது நினைவிருந்தது, தொடவில்லை. கெட்ட மூட்டை வெட்டி எறிந்து, நுனியைத் துடைத்துக் காயவைத்துப் பொலிதீன் சுற்றி உயரக் கட்டியாயிற்று. எலி இனி ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். பம்பை நீளப் பலகையில் கிடத்தி, நடுவிலும் முட்டுக் கொடுத்திருக்கிறோம், வளைந்துவிடக் கூடாதென்று. 500 வோல்ட் மெகரில் 80 மெகா ஓம் காட்டியது. சொட்டை வாத்தியார் கூட வந்து பார்த்துவிட்டு "பாஸ்" என்றார்.

மாதம் ஒரு ஞாயிறு தண்டைக் கையால் சுற்றிவிடுகிறோம், மறுபடி இறுகாமல் இருக்க. நான் பம்பின் உடம்பைப் பிடித்துக்கொள்வேன், அவன் சுற்றுவான். வெளுத்த நுனிகளில் தோல் உரிந்து புதுத் தோல் வந்திருக்கிறது, குழந்தை விரல் போல. போன ஞாயிறு முதல் சுற்று. அவன் சுற்றிக்கொண்டே காமன் கூத்தில் அடுத்த மாசிக்கு யார் ரதி என்று கேட்டான். உன் கதையைச் சொன்னேன், சவுரி கழன்றது வரை. சிரித்தான். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

உனக்கு எழுதிவிட்டேன். இனி அவனிடம் சொல்லாமல் இருந்தால், உன் அடுத்த கடிதத்தில் நீ கேட்கப் போகும் முதல் கேள்விக்குப் பதில் இருக்காது. அடுத்த சுற்று ஜூலை முதல் ஞாயிறு.

உன் தம்பி மகன் வந்தால், தண்ணீருக்குள் போடும் கேபிள் மூட்டுக் குழாய், சூட்டில் சுருங்குகிற ஜாதி, நான்கு கொடுத்தனுப்பு. இங்கே விற்பது ஒரு மாரிக்குத் தாங்குவதில்லை. விலையை எழுது, கடன் வைக்க மாட்டேன், வைத்தாலும் நீ கேட்க மாட்டாய்.

உன்,
தூதன்