செயலாளர் ஆண்டறிக்கை: சார்ஜிங் இடங்கள்

நம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். லிஃப்ட், மோட்டார், தொட்டி பராமரிப்பில் குறையில்லை. செயற்குழுவுக்கு அதிகப் புகார் வந்தது மின்கார் சார்ஜிங் இடங்களைப் பெட்ரோல், டீசல் கார்கள் அடைத்துக்கொள்வது பற்றித்தான்.

ஸ்டில்ட்டில் (கட்டடத்துக்கு அடியிலுள்ள கார் நிறுத்துமிடத்தில்) லிஃப்டை ஒட்டி இடம் ஒதுக்கியதே முதல் தவறு. மீட்டர் போர்டு பக்கத்தில் இருப்பதால் கேபிள் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டோம். மழையில் மளிகைப் பையோடு வருகிறவருக்கு அது காலி இடமாகத்தான் தெரியும். "அஞ்சு நிமிஷம்" என்று நிறுத்திய கார் விடியும்வரை நிற்கும். 30 கிலோவாட் மணி பேட்டரி நிரம்ப 7.4 கிலோவாட் சார்ஜரில் நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும் (வண்டியின் உள் சார்ஜரும் அந்த அளவு இழுக்க வேண்டும்), 3.3 கிலோவாட்டில் பத்து மணி நேரம். இரவில் இடம் கிடைக்காதவர் காலையில் ஆட்டோ தேட வேண்டியதுதான்.

எனவே இடங்களைக் கடைசித் தூண் பக்கம் மாற்றினோம். தூரம் கூடியதால் 32 ஆம்பியர் இணைப்புக்கு 6 சதுர மி.மீ. செம்புக் கேபிளை விட்டு 10 சதுர மி.மீ. போட்டோம். சார்ஜர் ஒவ்வொன்றுக்கும் தனி 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உண்டு.

முன்பு தரையில் அடித்த எனாமல் பச்சை, டயரோடு உரிந்து வந்துவிட்டது. எண்ணெய்க் கறை போகத் தேய்க்காமல் அடித்ததுதான் காரணம். இம்முறை கழுவி, ஈரம் போகக் காயவிட்டு, பிரைமருக்கு மேல் இரண்டு கோட் எப்பாக்ஸி அடித்தோம். ஏழு நாள் வண்டி ஏற்றவில்லை. கார் நின்றால் தரை எழுத்து மறைந்துவிடும் என்பதால் சுவரிலும் பலகை வைத்தோம்.

பெயிண்டும் பலகையும் யாரையும் தடுக்காது; தடுப்பது வாட்ச்மேன் கையில் உள்ள சங்கிலி. தரையில் பதித்து, நிமிர்த்தினால் காரை மறிக்கும் மடக்குப் பூட்டு வேண்டாம் என்று விட்டோம். இறங்கி நிமிர்த்தச் சோம்பல்பட்டு எல்லோரும் படுக்கப்போட்டே வைப்பார்கள். வாட்ச்மேனுக்குச் சொன்னது ஒன்றுதான்: பச்சை நம்பர் பிளேட் இருந்தால் சங்கிலியைக் கழற்று. பிளக் செருக வழியில்லாத ஹைப்ரிட் காருக்கு வெள்ளை பிளேட்தான். "இதுவும் பேட்டரி வண்டிதானே" என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும். ஸ்கூட்டர்கள் சங்கிலிக்கு அடியில் நுழைவது இன்னும் நிற்கவில்லை. தாழ்வாக இரண்டாவது சங்கிலி கட்ட வேண்டும்.

மின்கார் வைத்திருப்பவர்கள் மீதும் புகார் உண்டு. சார்ஜ் ஏறி முடிந்த வண்டியும் செருகாமல் நிற்கும் வண்டியும் பெட்ரோல் காருக்குச் சமம். பகலில் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இரவு 11 முதல் காலை 6 வரை விலக்கு. அந்நேரத்தில் யாரையும் எழுப்ப முடியாது.

சக்கரத்துக்குப் பூட்டுப் போடச் சொன்னார்கள் சிலர். பூட்டினால் அந்தக் கார் அங்கேயேதான் நிற்கும்! அபராதம் வசூலிக்கத் துணைவிதியில் இடம் வேண்டும். முதல் முறை எழுத்தில் எச்சரிக்கை, அடுத்ததற்குப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து அபராதம் என்ற திருத்த வரைவை இணைத்துள்ளோம். தொகையைப் பொதுக்குழு முடிவு செய்ய வேண்டுகிறேன்.

செயலாளர்